தூங்குகிறவனை எழுப்புவது

கதவைச் சாத்தாமல் படுத்திருக்கலாம் இந்தப் பிள்ளை. சாத்தினால்தான் என்ன, தாழ் போடவில்லை, விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும் என்று உலகம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே மடியில் கிடந்த முருங்கைக் கொத்தை உருவினாள். அடுக்களை வாசலில் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தக் கதவு நேராகத் தெரியும். அதற்காக ஒன்றும் இங்கே உட்காரவில்லை, இங்கேதான் காற்று வருகிறது. எங்கே வருகிறது? ஐப்பசி பிறந்தும் பாளையங்கோட்டையில் வெயில் இறங்கின பாடில்லை, மழை இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. முன்னறையில் அவளுடைய புருஷன் சங்கரபாண்டி டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மின்சார வாரியத்தில் போர்மேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு கிரிக்கெட், உலகமே கவிழ்ந்தாலும் கிரிக்கெட். கதவுக்கு அந்தப் பக்கம் வேல்துரை தூங்குகிறான். கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்து முதல் தடவையாக லீவுக்கு வந்திருக்கிறான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு நின்றான். மெலிந்துவிட்டாயே என்று கேட்க வாயெடுத்தவள், கேட்டால் அதற்கும் ஏசுவான் என்று விழுங்கிக்கொண்டாள். மத்தியானம் ரெண்டு கை சோறு, ரசம், ஒரு அவித்த முட்டையின் வெள்ளை மட்டும். ரெண்டு கையா, மூன்று கையா? மோர் ஊற்றட்டுமா என்று அவள் திரும்புவதற்குள் கை கழுவிவிட்டான். பஸ்ஸில் வயிறு புரட்டியது என்றான். புரட்டியது என்றால் வாந்தி எடுத்தானா, வெறும் புரட்டல்தானா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருக்க வேண்டும். உருவின காம்பையே மறுபடி உருவிக்கொண்டிருப்பதைப் பார்த்து அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

பாழாய்ப்போன சத்தியம் ஒன்று நடுவில் வந்து விழுந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவளின் பின்னால் வந்து நின்று, “எம்மா, ஒண்ணு சொல்லுதேன் கேப்பியா?” என்றான். குரல் கொஞ்சலாகத்தான் இருந்தது. “நான் தூங்கப் போறேன். என்னைய எழுப்பாத. எப்ப முழிப்பு வருதோ அப்ப எழும்புவேன்.” அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “எம்மா, உன்னத்தான். மூணு மாசமா அங்க எவன் வந்து என்னைய எழுப்புதான்? செத்தா போயிட்டேன்?” அந்த வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த கிண்ணம் நழுவித் தொட்டியில் விழுந்தது. உடனே அவனுக்கும் மனசு கேட்கவில்லை போல, சிரித்துக்கொண்டே அவளுடைய ஈரக்கையைப் பிடித்துத் தூக்கித் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, “என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, எழுப்ப மாட்டேன்னு” என்றான். விளையாட்டுதான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு. ஆனால் அவள் “சரிய்யா, எழுப்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டாளே, கை அவன் தலையில் இருக்கும்போது சொல்லிவிட்டாளே. தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் கேடு யாருக்கு? சொன்னவளுக்கு இல்லை, அந்தத் தலைக்கு. அவளுக்கென்றால் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டாள், போய்த் தொலையட்டும் என்று எழுந்து போயிருப்பாள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவனே சொல்வான். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள், முக்கால்வாசி. மீதிக் கால்வாசி இந்த வீட்டில் எப்போதும் முழித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தூங்கவைக்க அவளுக்குத் தெரியவில்லை. சரி, அதை விடு. அந்தத் தலை சூடாக இருந்ததா? அதுதான் கேள்வி. கை முழுக்க குழாய்த் தண்ணீரும் சபீனாவுமாக இருந்தது, ஈரக்கைக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தான் இருக்கும். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். முருங்கை இலைப் பச்சைதான் ஒட்டியிருந்தது. தலை கொதித்ததா, வெயிலில் வந்த தலையா? உள்ளங்கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஆனால் அது சொல்ல மாட்டேன் என்கிறது.

காய்ச்சல் மட்டும் கூடாது. காய்ச்சலும் வெறும் வயிறும் சேரவே கூடாது, நீண்ட தூக்கமும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், என்று அந்த டாக்டரம்மா சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. வேல்துரை அப்போது கைக்குழந்தை, மூச்சு இரைத்து இரைத்து நெஞ்சுக்கூடு உள்வாங்கியது. ஸ்கேன் அறையில் கறுப்புத் திரையில் அவனுடைய இதயத்தைக் காட்டினார்கள், வாய் பிளந்து மூடுகிற குஞ்சு மாதிரி அது அடித்துக்கொண்டது, வயசுக்கு மீறி வீங்கியிருக்கிறது என்றார்கள். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவர்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்து, நீங்க சொந்தத்துல கட்டினவங்களா என்றுதான் முதலில் கேட்டாள். ஆமா, அத்தை மகன் என்றாள் உலகம்மாள், அதுவரைக்கும் அது பெருமையாகச் சொல்கிற விஷயமாக இருந்தது. உங்க ரெண்டு பேர் உடம்புலயும் ஒரு குறை ஒளிஞ்சிருக்கு, ஒத்தையா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது, ரெண்டும் ஒரு பிள்ளைகிட்ட சேர்ந்தா வந்துரும் என்றாள். பிறகு வீட்டில் விறகடுப்பு உண்டா என்று கேட்டாள். உண்டு, வெந்நீர் போட. அப்படின்னா உங்களுக்குப் புரியும் என்று சொல்ல ஆரம்பித்தாள். சாப்பிட்ட சாப்பாடு தீர்ந்ததும் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்து எரிக்கும். அதிலும் இதயம் இருக்கிறதே, அது ஓயாமல் வேலை செய்கிற உறுப்பு, அதற்கு எப்போதும் கொழுப்புதான் பிரதான விறகு. கொழுப்பு நீளநீளத் தடியாகக் கிடக்கும், அதைத் துண்டு துண்டாகப் பிளந்து போட்டால்தான் எரியும். பிளக்கிறதற்கு உடம்புக்குள் ஒரு என்சைம் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு அதுதான் இல்லை. விறகு மலைபோல் இருக்கிறது, பிளக்க ஆள் இல்லை. அடுப்பு அணைந்துபோகும், பிளக்காத தடியெல்லாம் இதயத்திலேயே குவிந்து அதை வீங்கவும் வைக்கும், தாளம் தப்பவும் வைக்கும். என்ன மருந்து என்று சங்கரபாண்டி கேட்டார். பசிக்க விடாதீங்க என்றாள் டாக்டரம்மா, அவ்வளவுதான், நேரத்துக்குச் சாப்பாடு, எண்ணெய் நெய் குறைச்சு, தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தெண்ணெய் மட்டும் அளவாக, கொஞ்சம் வளர்ந்த பிறகு தூங்கப் போகும் முன்னால் பச்சைச் சோளமாவைத் தண்ணீரில் கலக்கி ஒரு டம்ளர், அது வயிற்றில் மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும். நடுவில் எழுப்பி எழுப்பிக் கொடுங்க. தூங்குதேன்னு விட்றாதீங்க. என்சைம் என்பதற்குத் தமிழில் நொதி என்று பின்னால் வேல்துரைதான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது சொல்லிக்கொடுத்தான். நொதி. அரைத்த மாவில் வருகிற வார்த்தை போல இருந்தது அவளுக்கு, இவ்வளவு சாதுவான வார்த்தை.

தூங்குதேன்னு விட்றாதீங்க. அதைக் கேட்டதும் அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, ரெண்டு பேருமாக டாக்டரம்மாவின் மேசையிலிருந்த காகித அழுத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்குள் ஒரு பச்சைப் பூ. முதல் குழந்தை எப்படிப் போச்சு என்று டாக்டரம்மா கேட்டாள். தூக்கத்துல என்றாள் உலகம்மாள். செண்பகம். தவழ ஆரம்பித்திருந்தாள், கொழுகொழுவென்று தொடையில் மடிப்பு மடிப்பாக, தெருவே தூக்கிக் கொஞ்சும். ஊர்க்கண்ணெல்லாம் பட்டுவிடும் போல அழகு. கொழுப்பெல்லாம் இருந்தது, பிளக்கத்தான் ஆள் இல்லை, அது அப்போது யாருக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் காய்ச்சல், பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், குடித்ததையும் விடிந்ததும் கக்கிவிட்டாள். மத்தியானம் வரைக்கும் சிணுங்கிச் சிணுங்கி, பிறகு தூங்கிப்போனாள். அப்பாடா என்று எல்லோருக்கும் இருந்தது. தூக்கத்தில் உதடு கோணி ஒரு சிரிப்பு வந்தது, கனவுல நரி விரட்டுது பாரு என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து மார் கட்டிக்கொண்டு வலித்தது உலகம்மாளுக்கு. பால் குடிக்காமல் இத்தனை நேரமா என்று தொட்டிலை நோக்கிப் போனாள். வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சங்கரபாண்டி, “ஏட்டி, தூங்குத பிள்ளைய எழுப்பாத” என்றார். “நீயும் ராத்திரியெல்லாம் பொட்டுக் கண் மூடல. செத்த நேரம் படு. அவ பசிச்சா அழுவா.” ஏசவில்லை. அதட்டவில்லை. அவ்வளவு பிரியமாகச் சொன்னார், தலையணையைக்கூட அவரே எடுத்துப் போட்டார். அந்தப் பிரியத்துக்காக அவள் படுத்தாள். அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள், எழுப்பியிருப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் யாரும் தூங்கக் கூடாது, பிள்ளையும் தூங்கக் கூடாது என்பதற்காகத்தான் போய்த் தொட்டிலை விலக்கினாள். என்னென்னவோ சொன்னார்கள் பிறகு. கண் பட்டுவிட்டது என்றார்கள், சுடலை அடித்துவிட்டது என்றார்கள், வெள்ளைச் சேலையில் யாரையோ அந்தப் பக்கம் பார்த்ததாகக்கூட ஒருத்தி சொன்னாள். எல்லாமே பரவாயில்லை என்று இருந்தது டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட பிறகு. பேயாக இருந்திருக்கலாம். பேய் என்றால் நம் கையில் ஒன்றும் இல்லை. வேளாவேளைக்கு ஊட்ட ஊட்ட வேல்துரையின் வீங்கின இதயம் வற்றி வற்றி ஒரு வருஷத்தில் அளவுக்கு வந்துவிட்டதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தோளைத் தட்டிக்கொடுத்தாள். இவ்வளவுதானா, ஒரு வாய்ப் பால்தானா என்று அழுதாள் அவள்.

செண்பகத்துக்கு இப்போது கல்யாண வயசு. சில நேரம் தெருவில் தாவணியிலோ சுடிதாரிலோ எவளாவது தொடை பருத்து, நெற்றி அகன்று போனால் உலகம்மாள் நின்று பார்ப்பாள். இந்த வீட்டில் அவள் எங்கேயும் தெரிவதில்லை, ஆவியாக வருவதில்லை, கனவில்கூட வருவதில்லை. தூக்கத்தில்தான் இருக்கிறாள், இந்த வீட்டில் யார் தூங்கினாலும் அந்தத் தூக்கத்துக்குள் அவள் இருக்கிறாள். அதனால்தான் எழுப்பினாள் உலகம்மாள். ஒரு ராத்திரி, ஒரு பகல் விடாமல் எழுப்பினாள். எழுப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதற்கும் பழக்கம் வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சின்ன வயசில் திடுக்கிட்டு அழுவான், பாதத்தைத் தேய்த்தால் உதைப்பான். காது மடலைத் தடவினால்தான் நல்லவிதமாக முழிப்பான். வளர வளர முழிக்காமலே குடிக்கப் பழகிவிட்டான். டம்ளரோடு போய்க் கட்டில் சட்டத்தில் ரெண்டு தட்டுத் தட்டினால் போதும், போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீளும், டம்ளரை வாங்கும், உள்ளே இழுத்துக்கொள்ளும், காலியாக வெளியே வரும். அந்தக் கை வெளியே வருகிற வரைக்கும் அவள் மூச்சு விடமாட்டாள். மீசை முளைத்ததும் எல்லாம் மாறிவிட்டது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் சொல்பேச்சுக் கேட்காமல் ஓடிவிட்டு, மறுநாள் தசை கரைந்து மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போக, ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போதுதான் முதல்முதலாக, நீ என்னைய மனுசனா வாழவிட மாட்டியா என்று கேட்டான். அவள் ஓடச் சொல்லவில்லை, ஓடாதே என்றுதான் சொன்னாள். ஆனாலும் குற்றவாளி அவள்தான். சங்கரபாண்டி மட்டும் நல்லவர். ஒரு நாளாவது அவர் அவனை எழுப்பியிருக்கிறாரா? கரண்டு கம்பத்தில் புயலோடு புயலாக ஏறுகிற மனுஷன், பிள்ளை தூங்குகிற அறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டார். அலாரம் அடித்தால் அதை அணைத்து, ஏட்டி நேரமாச்சு என்று இவளைத்தான் எழுப்புவார், இவள் போய் எழுப்ப வேண்டும். இவளுக்கு டெங்கு வந்து படுத்தபோதுகூட எதிர்வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து எழுப்பச் சொன்னார். சுகவாசி. கெட்ட பெயர் எல்லாம் எனக்கு, செல்லப் பெயர் எல்லாம் அவருக்கு என்று அவள் மனசுக்குள் பல தடவை ஏசியிருக்கிறாள், இப்போதும் ஏசினாள்.

கீரை தீர்ந்துவிட்டது. காம்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தவள், அடுக்களை மூலையில் அவன் கழற்றிப்போட்ட பையைப் பார்த்தாள். அழுக்குத்துணியை எடுத்து ஊறவைக்கத்தான் காலையில் அதைத் திறந்தாள். துணிக்கு அடியில் சோளமாவுப் பாக்கெட்டுகள் இருந்தன, அவள் அனுப்பியவை, ஒன்றுகூடப் பிரிக்காமல். போய்ச் சேர்ந்த புதிதில் அனுப்பினதும் இருந்தது, போன மாதம் பார்சலில் அனுப்பினதும் இருந்தது. அப்படியே மூடிவைத்துவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாளும் போனில் மாவு குடிச்சியா என்று கேட்டதற்கெல்லாம் குடிச்சேன்மா குடிச்சேன்மா என்றானே. குடிக்காமலா தூங்கியிருக்கிறான் அந்த ஊரில், அத்தனை ராத்திரியும், யாரும் கட்டிலைத் தட்டாமல்? அப்படித் தூங்கியும் எழுந்திருக்கிறான் என்றால் இதுநாள்வரை அவள் எழுப்பினதெல்லாம் என்ன? வேண்டாத வேலையா? பிள்ளையின் தூக்கத்தைத் திருடித் தின்றவளா அவள்? இருந்தால் இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும், அவன் எழுந்தால் போதும். ஆனால் அப்படி யோசிக்கும்போதே இன்னொன்று வந்து இடித்தது. உடம்பு சரியாக இருக்கிற ராத்திரிகளில் தப்பித்திருப்பான். வயிறு நிறையச் சாப்பிட்ட ராத்திரிகள். இன்று அப்படியா? பஸ்ஸில் புரட்டல், ரெண்டு கைச் சோறு, சூடோ சூடில்லையோ அந்தத் தலை. அதே கணக்குத்தானே இது, அதே பகல், அதே சிணுங்கல் அடங்கின பிறகு வருகிற தூக்கம். முறத்தைக் கீழே வைத்தாள். எங்கே வைத்தோம் என்று பார்க்கவில்லை.

முன்னறைக்குப் போய் நின்றாள். சங்கரபாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “அத்தான்” என்றாள். அவர் திரும்பவில்லை. “ரொம்ப நேரமாத் தூங்குதான். மாவும் குடிக்கல. சாப்பாடும் ஒழுங்காச் சாப்பிடல.” திரையில் யாரோ பந்தை எறிந்தார்கள், யாரோ அடித்தார்கள். “எழுப்பட்டுமா?” என்று கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எழுப்பாத” என்றார். “சத்தியம் பண்ணிருக்கேல்லா. அவன் இன்னும் சின்னப் பிள்ளையா, ஏட்டி? பசிச்சா எழும்பிட்டுப் போறான்.” சொல்லி முடித்துவிட்டு அவர் வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றது. எத்தனை வருஷம் கழித்து வந்து நிற்கிறது அந்த வார்த்தை. அழுவா என்பது எழும்பிட்டுப் போறான் என்று மாறியிருக்கிறது, மற்றபடி அதே வார்த்தை, அதே வாய், அதே பிரியம். இவருக்குத் தெரிகிறதா தான் சொன்னது? தெரியாமலா இருக்கும்? இல்லை, மறந்தேபோய்விட்டாரா, ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் மறந்துபோகும். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அப்படியே காலடியில் உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டும் செய்யாமல் நின்றாள். அப்போதுதான் வீடு எவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்று உறைத்தது. மின்விசிறி ஓடுகிறது, தெருவில் யாரோ வண்டியை முடுக்குகிறார்கள், ஆனால் கிரிக்கெட்டுக்குச் சத்தம் இல்லை. திரையில் கூட்டம் வாயைப் பிளந்து கத்துகிறது, சத்தம் இல்லை. எப்போது அணைத்தார்? அவள் கீரைக்கு உட்கார்ந்தபோதே சத்தம் இல்லையே. சாப்பிட்டதிலிருந்து இவர் சத்தமில்லாத கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய கண் திரையில் இருந்தது, தலை மட்டும் லேசாகச் சாய்ந்து, காது அந்தக் கதவின் பக்கம் இருந்தது.

அவள் கதவுக்குப் போனாள். தள்ளினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தான், உள்ளே மங்கல். சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தான், போர்வை காது வரைக்கும். போர்வை ஏறி இறங்குகிறதா? மின்விசிறிக் காற்றில் போர்வையின் ஓரம் படபடத்தது, அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏறுகிற மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. தூங்குகிற பிள்ளையை உற்றுப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்காமல் எப்படி? கட்டில் சட்டத்தில் ரெண்டு தட்டுத் தட்டினால் போதும். கை உயர்ந்தது. இந்தக் கைதான் அவன் தலையில் இருந்த கை. தட்டினால் சத்தியம் போச்சு, தட்டாவிட்டால் என்ன போகுமோ. தட்டி, அவன் எழுந்து, ஏசி, சாயங்காலம் சிரித்து, பிறகு என்றைக்கோ அந்த ஊரில் ஒரு ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால், நீ மீறினாயே அதனால்தான் என்று அந்தக் கால்வாசி மனசு ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்குமே. தட்டு. தட்டாதே. விளக்கு வைக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. தொட்டிலை விலக்கின கையும் இதுதான். தூக்கின கை தூக்கினபடியே நின்றது, அவளால் கீழேயும் போட முடியவில்லை, தட்டவும் முடியவில்லை. கடவுளே, வேறு யாராவது வாங்களேன் என்று அவளுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

தோளை இடித்துக்கொண்டு யாரோ உள்ளே போனார்கள். சங்கரபாண்டி. அந்த அறையில், பிள்ளை தூங்குகிற நேரத்தில், அவரை அவள் பார்த்ததே இல்லை. இருட்டில் கட்டில் கால் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் முட்டியை இடித்துக்கொண்டார். குனிந்தார். “எய்யா” என்றார். “எய்யா துரை, எழும்பு.” போர்வை அசையவில்லை. எங்கே தொடுவது என்று தெரியாமல் அவர் கை போர்வைக்கு மேலே அலைந்தது, தோளா, முதுகா, தலையா. காது மடலைத் தடவ வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவள் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஏல, எழும்புல. எழும்புல! அப்பா கூப்பிடுதேன்லா!” வீடு அதிர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை உலுக்கினார், ரெண்டு கையாலும், கட்டிலே நகர்ந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் உலகம்மாளுக்கு எல்லாம் முடிந்தது, தொட்டில் விலகியது, பக்கத்து வீட்டுக்காரிகள் ஓடிவந்தார்கள், வெள்ளைத் துணி வாங்க யாரோ போனார்கள். பிறகு போர்வை ஒரு முனகல் முனகியது. மெதுவாக, ரொம்ப ஆழத்திலிருந்து வருகிறவன் மாதிரி, வேல்துரை புரண்டான். நெற்றி முழுக்க வேர்வை, மயிர் ஒட்டியிருந்தது. கண்ணைத் திறந்து யாரென்று தெரியாமல் பார்த்தான், பிறகு தெரிந்தது.

“உங்களுக்கெல்லாம் கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்றான். நாக்குக் குழறியது, ஆனாலும் கோபம் தெளிவாக இருந்தது. “எம்மா, நீ சத்தியம் பண்ணியா இல்லியா?” சங்கரபாண்டி குறுக்கே விழுந்தார், “அவ எழுப்பல. நான்தான் எழுப்புனேன். நான் ஒண்ணும் சத்தியம் பண்ணல.” அவன் நம்பாமல் அப்பாவைப் பார்த்தான். “நீங்களுமாப்பா? நீங்க ஒருத்தராவது மனுசன மாதிரி இருக்கீங்கன்னுல்லா நினைச்சேன்!” அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மகனுடைய தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. “பையில மாவு எல்லாம் அப்படியே இருக்கேய்யா” என்று உலகம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டாள், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல். “அது வயித்த உப்ப வைக்குது. அங்க நான் ராத்திரி எழும்பி அவல் சாப்பிடுதேன்” என்றான். எழும்புகிறானா? யார் எழுப்பி? அலாரமா, அறைத்தோழனா, பொய்யா? அவளுக்குத் தெரியாது, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அந்த ஊரில் அவனுடைய தூக்கம் அவனுடையது. சங்கரபாண்டி தலையைத் திருப்பாமலே, “உலகு, போய்க் கலக்கிட்டு வா. கொஞ்சம் சீனியும் போடு” என்றார். உலகு என்று அவர் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று. செண்பகம் இருந்தபோது கூப்பிடுவார். அவர் ஏன் ஒரு நாளும் இந்த அறைக்குள் வந்ததில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சுகவாசி என்று இத்தனை வருஷம் ஏசிவிட்டாளே, அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய பிடரியைப் பார்த்தாள், நரைத்துப்போன பிடரி, வேர்த்திருந்தது.

அடுக்களைக்குப் போய்ச் சீனியும் மாவும் எடுத்தாள். முதலில் சீனித்தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தாள், மடக் மடக்கென்று குடித்தான், குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான். திரும்பி வந்து மாவைக் கலக்கினாள். எத்தனையோ கேள்வி பாக்கி இருந்தது, காய்ச்சல் பார்க்க வேண்டும், டாக்டரம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். அறைக்குள் வேல்துரை ஏசிக்கொண்டிருந்தான். அங்கே மற்ற பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா, என்னை எவனாவது சீக்காளி என்று சொன்னால் உங்களால்தான், இனிமேல் லீவுக்கே வரமாட்டேன், என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. வர வரக் குரல் தெளிந்தது, ஓங்கியது. சங்கரபாண்டி ம் என்றார், சரிய்யா என்றார், நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். மாவு எப்போதோ கரைந்துவிட்டது. உலகம்மாள் கரண்டியை எடுக்கவில்லை. அவன் ஏசுவது நின்றுபோய்விடக் கூடாதே என்று இன்னும் கொஞ்ச நேரம் மெதுவாகக் கலக்கிக்கொண்டே நின்றாள்.